கத்தரி இலையில் வெள்ளைத் தூள்

செவ்வாய், இரவு.

காலையில் குடிகாட்டிலிருந்து செல்வி என்பவர் எங்கள் மஞ்சக்குப்பம் வேளாண் ஆலோசனை மையத்துக்குக் கத்தரிச் செடியின் படம் அனுப்பினார். இலையெல்லாம் வெள்ளைத் தூள். தோட்டத்தையே பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தார். படத்தைப் பார்த்ததுமே பூஞ்சை நோய் என்று முடிவு கட்டினேன். மையத்தின் ஏஐ மட்டும், "நோயாக இருக்கலாம், எனக்கு உறுதியில்லை. இலைமேல் யாராவது ஏதாவது தூவினார்களா?" என்று அவரிடம் கேட்டது. தெரியாததால் மழுப்புகிறது என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் செல்வியே போன் செய்தார். "மேடம், எங்க வூட்டுக்காரர்தான் பூச்சிக்குன்னு அடுப்புச் சாம்பல அள்ளிக் கொட்டியிருக்காரு! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாருங்க!" சிரிப்பை அடக்க முடியவில்லை, இருவராலும்.

ஏஐ இதைச் சிதம்பரத்தில் உள்ள எங்கள் இன்னொரு மையத்து ஏஐக்கு எழுதி அனுப்பியது: "வெள்ளைத் தூள் சாம்பலாகவும் இருக்கலாம். ஒரே ஒரு தோட்டத்தில்தான் கண்டது. கேட்டு உறுதி செய்யவும்." இனி அங்கே எந்த வெள்ளைத் தூளையும் சாம்பல் என்றே சொல்லிவிடும் என்று எண்ணிக்கொண்டேன்.

மாலையில் சிதம்பரம் மையத்தில் வேலை செய்யும் மேரி போனில் கூப்பிட்டாள். "அக்கா, இங்கயும் அதே மாதிரி படம் வந்துச்சு. ஏதாவது தூவுனீங்களான்னு எங்க ஏஐ கேட்டுச்சு, இல்லன்னாங்க. நேர்ல போய்ப் பாத்தா நெசமாவே பூஞ்சை. ஆரம்பந்தான், காப்பாத்திடலாம்."

"நானா இருந்தா சாம்பல்னு சொல்லி அனுப்பியிருப்பேன்," என்றேன்.

"நீங்க இப்படி ஒத்துக்குவீங்கன்னு தெரிஞ்சிருந்தா ரெக்கார்ட் பண்ணியிருப்பேன்!" என்றாள்.

இரண்டு தோட்டங்களும் பிழைத்தன. தூக்கம்தான் வரவில்லை, சிரிப்பு வருகிறது.