தபேலாவின் லெவல்

ஐப்பசி 9, வியாழன் இரவு

கல்லூரி நாட்களில் நானும் காதரும் பாளையங்கோட்டை வீட்டு மாடியறையில் பதிவு செய்த பாட்டை இன்று மறுபடி மிக்ஸ் செய்தேன். சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட நான் பாடியது. தபேலா அவன். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், தபேலாவின் சத்த லெவலை ஏற்றிவைத்துவிடுவான். நான் வந்து இறக்குவேன். தினமும் சண்டைதான்.

சாயங்காலம் துபாயில் இருக்கிற அவனுக்குப் புது மிக்ஸை அனுப்பினேன். கேட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"தபேலா தூக்கலா இருக்குலே. பைய இறக்கு."

"நீயாலே சொல்லுத?"



"விபத்துல அடிபட்ட கை சரியாயிட்டுன்னு சொன்னேம்லா, அது சும்மா. வெரலு மடங்கவே மாட்டேங்கு. அந்த வாசிப்பக் கேக்க முடியலலே."

சரி என்று வைத்துவிட்டேன். அவன் கேட்டபடி குறைத்து ஒன்று அனுப்பியாயிற்று. பிறகு எனக்கென்று இன்னொன்று செய்தேன். அதில் தபேலாவை அன்று அவன் ஏற்றிவைத்த இடத்துக்கே ஏற்றினேன். என் குரல் சரியாகக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன.