கழுவக் கூடாத சமையலறை

அத்தை,

மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவரப் போகும் பெண் இன்று காலை என் சமையலறையைப் பார்க்க வந்தாள். மாடுலர் கிச்சன் போடப் போகிறார்களாம். கடைக்காரன் பேச்சை மட்டும் நம்பாமல் நாலு வீட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று புறப்பட்டிருக்கிறாள். கெட்டிக்காரிதான். கீழ்க் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள், சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள், பலகையை விரல் முட்டியால் தட்டினாள். மூடியே கிடந்த பலகையும் அந்துருண்டையும் கலந்த வாசனை என் முகத்தில் அடித்தது. "பன்னெண்டு வருசமா ஆண்ட்டி? ஓரெடம் கூட உப்பலையே. எப்படி இப்படி வெச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள்.

தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன் என்றேன். பொய் இல்லை. யாரிடமிருந்து காப்பாற்றினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் போன பிறகு மதியச் சமையலுக்குக் கை போகவில்லை. உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு அந்தச் சமையலறையின் மேல் ஏன் அத்தனை வெறி என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். என் பிறந்த வீட்டில் சமையலறை என்று ஒன்று கிடையாது. படுக்கும் அறையின் ஒரு மூலையில் அடுப்பு, அதற்குப் பக்கத்தில் தாத்தாவின் கட்டில். கல்யாணமாகி உங்கள் மகனோடு பெங்களூர் போனேன். அப்போது அங்கே கம்பெனி மேல் கம்பெனியாக வந்துகொண்டிருந்தது, சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் போகிற பஸ்ஸெல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். எட்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரம்மாவின் சமையலறையில் ஒரு பாத்திரம் வெளியே தெரியாது. எல்லாம் கதவுக்குள். கதவைத் தள்ளினால் சத்தமில்லாமல் தானே போய் மூடிக்கொள்ளும். எனக்கு ஒரு வீடு வந்தால் இப்படித்தான் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

திருப்பதியில் இந்த ஃப்ளாட்டை வாங்கியதும் உங்களையும் அழைத்துக்கொண்டோம். பங்காருபாளையத்துப் பக்கத்துக் காலனி வீட்டைப் பூட்டிவிட்டு, துணி மூட்டை ஒன்றும் உங்கள் பழைய ஸ்டீல் கேஸ் ஸ்டவ்வுமாக வந்து இறங்கினீர்கள். அந்த ஸ்டவ்வைப் பார்த்து நான் சிரித்தேன். "சிரிக்காத. பித்தள பர்னரு, பத்து வருசமா ஒரு ரிப்பேரு இல்ல," என்றீர்கள். பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே எங்கியும் போவ மாட்டம்மா. என் கட்ட இந்த வூட்லதான் வேவணும்," என்றீர்கள். வந்த அன்றைக்கே என்ன பேச்சு இது என்று உங்கள் மகன் கோபித்துக்கொண்டார். எனக்கென்னவோ அதில் ஒரு சந்தோஷம். மாமியார் என்னை நம்பி வந்துவிட்டார் என்ற பெருமை.

அடுத்த வாரம் மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். நீங்கள் கேட்டது ஒன்றுதான். அடியில் கடப்பா கல்லில் தட்டு போடு, முன்னால் அலுமினியக் கதவு மாட்டு, மேலே கருங்கல் இருக்கட்டும். "கல்லுக்கு இன்னா ஆவும்? நம்ம காலத்துக்கும் கெடக்கும்," என்றீர்கள். எனக்கோ அவமானமாக இருந்தது. கடப்பா கல் காலனி வீட்டில் போடுவது, கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் போடுவது. அதற்கா நான் எட்டு வருஷம் கனவு கண்டேன்?

நல்ல பிளைவுட் எங்கள் கைக்கு எட்டவில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு எட்டியது. மேலே பளபளவென்று அரக்குச் சிவப்பு மைக்கா. கடைக்காரர் யோக்கியமான மனிதர். பில் போடுவதற்கு முன்னால் பேனாவை நிறுத்திவிட்டு, சமையலறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீடா, துணியால் துடைக்கிற வீடா என்று தெலுங்கில் கேட்டார். கழுவுகிற வீடு என்றால் இந்தப் பலகை வேண்டாம், ஈரம் ஏறினால் அப்பளம் போல் உப்பிவிடும் என்றார்.

"கழுவுற வூடு," என்றீர்கள் நீங்கள்.

"துடைக்கிற வீடுதான்," என்றேன் நான், அதே மூச்சில்.

அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைப்பை என் தோளில் இருந்ததால் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். கடையை விட்டு வெளியே வந்ததும், தண்ணி ஊத்தாத எப்படிம்மா சுத்தமாவும் என்று மெதுவாகக் கேட்டீர்கள். அதெல்லாம் இப்போது லிக்விட் வந்துவிட்டது அத்தை என்று பெரிய மேதாவி போல் விளக்கினேன். அந்தக் கேள்வியை அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். லாபம் எனக்குத்தான் வந்திருக்கும்.

சமையலறை தயாரானது. நீங்களும் கதவுகளைத் திறந்து மூடி விளையாடினீர்கள். சிம்னியைப் போட்டுக் காட்டியபோது காதைப் பொத்திக்கொண்டு, "ஏரோப்ளேன் எறங்குது, எல்லாரும் தள்ளுங்க," என்றீர்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதன் பெயர் ஏரோப்ளேன்தான். எனக்காக நான் வாங்கிய கண்ணாடி ஸ்டவ்வுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தீர்கள். அந்த வாரம் முழுக்க நாம் நன்றாகத்தான் இருந்தோம். அதை நான் மறக்கவில்லை.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. என் அலுவலகத் தோழிகள் இருவரை வீடு பார்க்க அழைத்து வந்திருந்தேன். கதவைத் திறந்தால், புடவையை முழங்கால் வரைக்கும் செருகிக்கொண்டு, சமையலறையில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். கருங்கல் மேடையிலிருந்து சிவப்புக் கதவுகளின் மேல் சோப்புத் தண்ணீர் வழிகிறது. ஊரில் இருந்தவரை நீங்கள் விட்டதில்லையாம். வெள்ளிக்கிழமை அடுப்பும் சமையல் செய்த இடமும் கழுவாமல் அடுத்த உலை வைத்ததில்லையாம். மாம்பழ சீசனில் கூழ் எடுக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்தீர்களே, அங்கேயும் ஒரு ஷிப்ட்டுக்கு இரண்டு தடவை பைப்பு பிடித்துத் தரையைக் கழுவுவீர்களாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்துதான் சொன்னேன்.

"இது மாங்கா ஃபேக்டரி இல்ல அத்தை."

தோழிகளில் ஒருத்தி சிரித்துவிட்டாள். நீங்கள் துடைப்பத்தைக் கீழே வைத்தீர்கள். புடவையை இறக்கிவிட்டுக்கொண்டீர்கள். ஈரக் காலோடு நடந்தால் ஹால் நனையும் என்று நின்ற இடத்திலேயே நின்றீர்கள். மிதியடியை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை, நானும் எடுத்துப் போடவில்லை. இரண்டு நாளில் அடிப்பலகை ஒரு முழ நீளத்துக்கு உப்பிக்கொண்டது. ஆளைக் கூப்பிட்டு அதை மட்டும் மாற்றினேன். மாற்றும்போது நீங்கள் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன் அத்தை. அவ்வளவு கெட்ட புத்தி எனக்கு.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. மூன்று துணி வைத்துக்கொண்டு துடைத்தீர்கள். துடைத்த இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பத் துடைத்தீர்கள். கொஞ்ச நாளில் உங்கள் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு, துணி துவைக்கும் பின் பால்கனிக்குப் போய்விட்டீர்கள். மீன் குழம்பு அங்கே, உங்கள் வெந்நீர் அங்கே, ராகிக் களியும் அங்கே. நல்லதாய்ப் போயிற்று, எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே வராது என்று நான் நினைத்தேன். அடிக்கிற வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, மெஷினுக்கும் கொடிக்கும் நடுவில் நின்று நீங்கள் சமைப்பதை நான் உள்ளே இருந்து தினமும் பார்த்தேன். முட்டி வலிக்கு ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடத் தோன்றியது. உள்ளே வாங்க என்று சொல்லத் தோன்றவில்லை.

உங்கள் பேச்சும் மாறியது. முதலில் "நம்ம கிச்சன்". பிறகு "உன் கிச்சன்". கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா பால் வாங்கி வைக்கச் சொன்னதற்கு, "அவங்க வரட்டும், கேட்டுச் சொல்றேன்," என்றீர்களாம். ஒரு பால் பாக்கெட்டுக்கு நான் 'அவங்க' ஆகிவிட்டேன்.

உங்கள் மகனைக் குறை சொல்ல மாட்டேன். தடா பக்கம் ஃபேக்டரியில் வேலை கிடைத்து வாரம் ஒருநாள் வந்துபோகிறவருக்கு, இரண்டு பொம்பளைகளும் சண்டை போடாமல் இருக்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. நாம் சண்டை போடவே இல்லைதான். போட்டிருக்க வேண்டும். நீங்கள் ஒரு தடவை குரல் உயர்த்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்து, மறுநாள் ஒரு பக்கெட்டையும் உங்கள் கையில் கொடுத்திருப்பேன் என்று இன்றைக்கு நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

மழைக்காலத்துக்கு முன்னால், பலமனேரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினீர்கள். பத்து நாள் என்றீர்கள். பத்து நாள் ஒரு மாதமாகி, மூன்று மாதமானது. அங்கேயே மூச்சு நின்றது. கட்டையும் அங்கேதான் வெந்தது. வந்த அன்றைக்கு என்ன சொன்னீர்களோ, அதற்கு நேர்மாறாக நான் நடத்திக் காட்டிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் மகள், பாவம், ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அண்ணி, அம்மா வந்த மொத நாளு இன்னா பண்ணாங்க தெரியுமா? பைய கூட வெக்கல. பொடவைய செருவிக்கினு, குண்டான் குண்டானா தண்ணி ஊத்தி சமையக்கட்ட கழுவிட்டாங்க. அந்த முட்டிய வெச்சிக்கினு. அப்புறம் போயி நல்லா தூங்கனாங்க." நான் இலையை மூடினேன். உடம்பு சரியில்லை என்று எழுந்து போய்க் கை கழுவினேன்.

என் கண்ணாடி ஸ்டவ் மூன்று வருஷத்தில் விரிசல் விட்டது. அடுத்ததும் போய்விட்டது. உங்கள் ஸ்டவ் பால்கனியில் இன்னும் நீலமாக எரிகிறது. பலகையும் அந்த ஒரு தடவைக்குப் பிறகு உப்பவில்லை. பார்க்கிறவர்கள் கெட்டியான சாமான் என்று புகழ்கிறார்கள்.

ஃபேக்டரி என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக உங்கள் படத்துக்கு முன்னால் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அது கோபத்தில் வந்தது. கோபத்தில் வந்ததை நீங்கள் மன்னித்திருப்பீர்கள். நான் சுமந்துகொண்டிருப்பது அது இல்லை. நீங்கள் பலமனேருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம். நான் மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து, ஹால் டைல்ஸ் முடிந்து சமையலறை டைல்ஸ் தொடங்கும் கோட்டுக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கட்டுமாம்மா?"

எனக்கு அன்று கோபமே இல்லை, அத்தை. நல்ல மனநிலையில்தான் இருந்தேன். பெற்ற பிள்ளையின் வீட்டில் குடிக்கத் தண்ணீர் எடுக்க நீங்கள் ஏன் என்னைக் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. தலையைக்கூடத் திருப்பாமல், ரொம்பப் பிரியமாக, "எடுத்துக்கோங்க அத்தை," என்றேன்.