பியூலா அக்கா பூசிய சுவர்

அடி அண்ணாமலை,
15.6.2025

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

அண்ணாமலையார் புண்ணியத்தில் நான், இவர், இனியா மூவரும் நலம். ராணிப்பேட்டையில் நீங்களும் வீட்டாரும் சுகந்தானே? பள்ளிக்கூடம் திறந்திருக்கும். பிள்ளைகளை மிரட்ட ஆரம்பித்திருப்பீர்கள்.

நீங்களும் உங்கள் சபைக்காரர்களும் வேன் ஏறிப் போனதிலிருந்து தெருவே வெறிச்சென்று கிடக்கிறது. கோடை லீவு முழுக்க எங்கள் வெயிலில் கல் சுமந்து, போன கார்த்திகையில் ஏரி உடைந்து அடித்துக்கொண்டு போன ஆறு வீட்டையும் எழுப்பிக் கொடுத்தீர்கள். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்யமாட்டார்கள். வாசல் நிலை வைத்த அன்று நான் அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்க, நீங்கள் பக்கத்தில் கண்ணை மூடி ஜெபம் பண்ணினீர்களே, அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். "ரெண்டு சாமியும் ஒரே நிலையில நிக்குது. இனிமே எந்தத் தண்ணி உள்ள வரும்?" என்கிறார் இவர்.

ஒரே ஒரு குறை. நீங்கள் பூசிய சுவர் நடுவில் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி புடைத்திருக்கிறது. கொத்தனார் முருகையன் அண்ணன் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கொத்திட்டு வேற பூசிடறேம்மா" என்றார். நான் விடவில்லை. அக்கா கை பட்டது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, மணல் சலிக்கும்போது உங்களிடம் சொன்னது எந்நேரமும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏரி உடைந்த காலையில் இவர் ஆட்டோவோடு டவுனில் மாட்டிக்கொண்டார். நான் இனியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அருணா, என்னையும் கூட்டினு போ" என்று மாமியார் உள்ளேயிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. திரும்பிப் பார்க்காமல் போனேன். பிள்ளையை ரோட்டில் விட்டுத் திரும்புவதற்குள் சுவர் அவர்மேல் இறங்கிவிட்டது. நான் கூப்பிட்டேன், அவர்தான் வரவில்லை என்று ஊரிடம் சொன்னேன். இவரிடமும் அதையேதான் சொன்னேன். உண்மை உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

வீட்டில் இருக்கும் ஒரு போனும் இவர் கையில். அதனால்தான் எழுதுகிறேன். பதிலை நான் சமைக்கிற பள்ளிக்கூடத்து விலாசத்துக்குப் போடுங்கள். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
அருணா


ராணிப்பேட்டை,
2.7.2025

கர்த்தருக்குள் பிரியமான அருணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சொன்னபடி கிழித்துவிட்டேன். என் கையில் காய்ப்பு இன்னும் போகவில்லை. சாக்பீஸ் பிடித்தால் வலிக்கிறது. என் சுவரைப் பழித்தாய் என்றால் அடுத்த லீவில் வந்து இன்னொன்றும் பூசிவிடுவேன், ஜாக்கிரதை.

ஏன் இப்படி உன்னையே வதைத்துக்கொள்கிறாய்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயை எந்தக் கடவுளும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டார். ஆனால் பாரத்தை உள்ளேயே பூட்டி வைத்தால் அது உன்னைத் தின்றுவிடும். எங்கள் சபையில் பட்டதையும் செய்ததையும் எல்லோர் முன்னும் எழுந்து சாட்சியாகச் சொல்வோம். சொன்னவளை யாரும் கீழாகப் பார்க்கமாட்டார்கள், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். என் தம்பி குடித்தே செத்ததை நான் அப்படித்தான் சொன்னேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மணிவேலிடம் சொல்லிவிடு அருணா. நல்ல மனுஷன், புரிந்துகொள்வார். புது வீட்டு வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. என் மேஜைமேல் வைத்துக்கொள்கிறேன்.

ஜெபத்துடன்,
உன் அக்கா பியூலா


அடி அண்ணாமலை,
17.8.2025

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

கேட்ட போட்டோவை வைத்திருக்கிறேன். கீழ்பென்னாத்தூர் நாத்தனார் எடுத்தது. நீலக் கதவும் நானும்தான் தெரிகிறோம். இனியா ஓடிவிட்டாள், ஒரு நிமிடம் நிற்கமாட்டேன் என்கிறது அந்தக் கழுதை.

இவர் தன் அம்மா படத்தை உங்கள் சுவரில்தான் மாட்டியிருக்கிறார். சுவர் புடைப்பில் படம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. தினமும் ஆட்டோ எடுக்கும் முன்னால் நேராக்கிவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து பார்த்தால் மறுபடி சாய்ந்திருக்கும்.

முந்தாநாள் நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார். "எங்கம்மா புடிவாதக்காரி. வரமாட்டேன்னுட்டா. நீ என்னா பண்ணுவ? அழுவாத" என்றார். நான் சொன்ன பொய்யை வைத்தே எனக்கு ஆறுதல் சொல்கிறார் அக்கா. செத்துப்போகலாம் போல இருந்தது.

நீங்கள் சொன்னதுதான் சரி. சொல்லிவிடுவேன். கார்த்திகையில் அத்தைக்கு வருஷத் திதி வருகிறது. அதற்கு முன்னால், இனியாவை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, இவரை உட்காரவைத்துச் சொல்வேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் அதை என் வாயால்தான் அவர் கேட்கவேண்டும். அதுவரைக்கும் எனக்குத் தைரியம் கொடுக்கும்படி உங்கள் சாமியிடம் கேளுங்கள்.

உங்கள் தங்கை,
அருணா


அடி அண்ணாமலை,
5.10.2025

பியூலா அக்காவுக்கு,

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு வேணுவின் தங்கை ராணிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். உங்கள் சபையில் அச்சடித்துக் கொடுக்கிற மடல் அவள் வீட்டுக்கும் வருகிறதாம். அதைப் போனில் படம் பிடித்து வேணுவுக்கு அனுப்பியிருக்கிறாள். "மாமியாரின் குரல்" என்று தலைப்பு. நான் உங்களிடம் சொன்னது அத்தனையும் அதில் இருக்கிறது. கீழே "சகோதரி அ." என்று மட்டும் போட்டிருக்கிறது. பக்கத்தில் நீலக் கதவு, முன்னால் நான்.

ஸ்டாண்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகுதான் இவர் கைக்கு வந்திருக்கிறது.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "அம்மா கூப்புட்டாளா?"

"கூப்புட்டாங்க" என்றேன்.

"ஊரே படிச்சிடுச்சி. நான்தான் கடைசி" என்றார். படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டார். இன்றோடு ஆறு நாள்.

கிழித்துவிட்டேன் என்று எழுதினீர்களே அக்கா. கிழிப்பதற்கு முன்னால் மனப்பாடம் செய்துகொண்டீர்களா?

அருணா


ராணிப்பேட்டை,
14.10.2025

என் பிரிய தங்கை அருணாவுக்கு,

என்னை மன்னித்துவிடு. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது ஆண்டவருக்குத் தெரியும். பெண்கள் கூடுகையில் உனக்காக ஜெபிக்கச் சொல்லத்தான் எழுந்தேன். பேசப் பேச என்னையும் அறியாமல் முழுவதையும் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஒரு பெண் எழுந்து, பதினைந்து வருஷமாகப் பேசாத தன் மாமியாரைப் போய்ப் பார்க்கப்போகிறேன் என்றாள். போயும் வந்தாள். இன்னும் எத்தனையோ பேருக்குப் பயன்படும், எழுதிக் கொடுங்கள் என்று மடல் நடத்துகிறவர்கள் கேட்டார்கள். உன் பெயர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். படத்தைக்கூடச் சின்னதாகப் போடத்தான் சொன்னேன்.

உன்னைக் கேட்டிருக்கவேண்டும். உயர்வாகத்தானே சொல்கிறோம் என்று நினைத்துவிட்டேன். எங்களில் சாட்சி அவமானம் இல்லை அருணா, அது பாரம் இறங்குகிற இடம். நீ சரி என்று எழுதினால் அந்தச் சனிக்கிழமையே வருகிறேன். மணிவேல் காலில் விழுந்தாவது பேசுகிறேன். வரட்டுமா?

கண்ணீருடன்,
உன் அக்கா பியூலா


அடி அண்ணாமலை,
24.11.2025

திருமதி பியூலா அவர்களுக்கு,

வரவேண்டாம். இதை எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் தணியட்டும் என்று காத்திருந்ததுதான். தணியவில்லை.

நான் செய்ததை நியாயம் என்று சொல்லவரவில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாதவள் நான்தான், புருஷனிடம் பொய் சொன்னவளும் நான்தான். அதற்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தம்பி குடித்துச் செத்ததை நீங்கள் சொன்னது உங்கள் கதை. இது என்னுடையது. சொல்வதற்கு நாள் பார்த்து, வார்த்தை தேடி, தினமும் அடுப்படியில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லியிருந்தால் அவர் என்னை அடித்திருப்பார், அழுதிருப்பார், ஒருவேளை மன்னித்தும் இருப்பார். ஸ்டாண்டில் பத்துப் பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு படித்த மனுஷன் எப்படி மன்னிப்பார்? பாரம் இறங்கும் என்றீர்கள். இறங்கியது உங்களுடையதா, என்னுடையதா?

திதிக்கு அப்பா வருவாரா என்று இனியா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாத்தனார் வீட்டில்தான் திதி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

வீடு கட்டிக் கொடுத்ததை மறக்கமாட்டேன். அதில்தான் படுக்கிறேன், அதில்தான் சமைக்கிறேன். அந்த நன்றி சாகும்வரை இருக்கும். மற்ற எதுவும் நமக்குள் இல்லை. இனிமேல் பள்ளிக்கூட விலாசத்துக்குக் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பிவிடுவேன்.

போன வாரம் முருகையன் அண்ணனைக் கூப்பிட்டு, நீங்கள் பூசியதைக் கொத்தி எடுத்துவிட்டு வேறு பூசச் சொன்னேன். ரசமட்டம் வைத்துக் காட்டினார், ஒரு நூல்கூடப் பிசகு இல்லை. இனி அந்தச் சுவரில் எந்தப் படத்தை மாட்டினாலும் நேராக நிற்கும். மாட்டுவதற்குத்தான் படம் இல்லை.

இப்படிக்கு,
ம. அருணாதேவி