செவலைகள் பசியாறும் இடம்

ஜனவரி 9

அடுத்த குளிர்காலத்துக்கு விறகு அடுக்க வேண்டாமாம். ஹெல்சிங்கியில் சூடான அறையில் உட்கார்ந்துகொண்டு பேராசிரியர் லிந்த்ரூஸ் போனில் சொல்கிறார். "ஐனி, உங்க பூச்சிங்க குளிர்காலம் பூரா தூங்குதுங்க. உடம்புக் கொழுப்ப வெச்சே ஓட்டிடுதுங்க. தூங்குறத வேடிக்கை பார்க்க எதுக்கும்மா ஒரு குடிசையும் அடுப்பும்?" குளிர்காலத்தில் அவை தின்கின்றன என்று நான் காட்டாவிட்டால், மார்ச்சோடு ஏரிக்கரைக் குடிசையைப் பூட்டிவிடுவாராம்.

தூங்குகிறதாம்! இவர் வந்து பார்த்தாரா? எள்ளில் பாதிகூட இல்லாத ஒற்றைக்கண் நீர்ப்பூச்சிகள், சைக்ளாப்ஸ்கள். கொழுப்பேறிச் சிவந்திருப்பதால் நான் செவலைகள் என்பேன். வலையில் துள்ளிக்கொண்டுதான் வருகின்றன. தூங்குகிறவன் துள்ளுவானா?

ஆனால் வயிறு காலி. டிசம்பரிலும் காலி, இன்றும் காலி. அதுதான் வயிற்றெரிச்சல். ஏரி இடுப்பளவு உறைந்து கிடக்கிறது, இந்த வடகோடியில் வாரக்கணக்காகச் சூரியனே உதிக்கவில்லை. எதைத்தான் தின்கின்றன?

ஜனவரி 17

காய்ச்சல். அக்கா ஹெல்லெவி கலைமான் சூப் கொண்டுவந்தாள். ஏரிக்கு நான் போகிறேன் என்று அத்தான் கிளம்பினார். நடு ஏரியில், சிவப்புக் கொடி நட்ட இடத்தில் துளை போட்டுச் செவலைகளைப் புட்டியில் எடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "பொறந்ததுலேருந்து இந்த ஏரியில மீன் பிடிக்கிறவன். எனக்கே பாடம் நடத்துறியா கொழுந்தியாளே? சூப்பக் குடி."

ஜனவரி 20

நிறைந்திருக்கிறது! வயிறு முட்ட! பச்சையும் பழுப்புமாக, ஒன்றல்ல, அத்தான் கொண்டுவந்ததில் பார்த்த அத்தனையும்!

படமெடுத்து லிந்த்ரூஸுக்கு அனுப்பிவிட்டேன். 'தூக்கத்தில் தின்னும் வியாதியோ?' என்று கீழே எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. பரவாயில்லை, இனித்தது.

ஜனவரி 21

லிந்த்ரூஸ் பேசினார். "தோத்துட்டேன், ஐனி. மார்ச்ல துறைக் கூட்டம் இருக்கு, அதுல நீங்களே காட்டுங்க."

பிப்ரவரி 2

அத்தான் எடுத்துவந்த புட்டியின் அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. இடுக்கியால் எடுத்துப் பார்த்தேன். பிர்ச் இலைத் துண்டு.

நடு ஏரியில், ஜனவரியில், பிர்ச் இலையா? அந்த இலை குளிர்காலத்தில் ஓரிடத்தில்தான் தண்ணீரில் விழும். சவுனா என்ற நீராவி அறையில் காய்ந்த பிர்ச் கொத்தால் முதுகில் அடித்துக்கொண்டு, இலை ஒட்டிய உடம்போடு ஓடிவந்து எல்லோரும் முங்குகிறார்களே, கரையோரம் பனியில் வெட்டிய குளியல் குழி – அங்கே.

ஐயோ. இல்லை. அப்படிச் செய்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 3

செய்திருக்கிறார்!

"துளைப்பான் பிளேடு மழுங்கிப்போச்சு, ஐனி. காத்து வேற கன்னத்தப் பிச்சுது. குளிக்கிற குழி தொறந்துதானே கிடக்கு? ஒரே ஏரிதானே. தண்ணி தண்ணிதானே!"

தண்ணி தண்ணிதானாம்! அந்தக் குழி உறையாமல் இருக்க அடியில் ஒரு பம்பு ராப்பகலாக ஓடுகிறது. சேற்றை எல்லாம் கிளறி மேலே தள்ளுகிறது. அங்கே இருந்த செவலைகளுக்கு ஊர்க்காரர்கள் விருந்து வைத்திருக்கிறார்கள். நான் அதைப் போய் இயற்கை என்று படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

கத்தினேன். எருமை என்றேன். சோம்பேறி என்றேன். அக்கா நடுவில் வந்தாள், அவளையும் விடவில்லை. அத்தான் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும்.

பிப்ரவரி 4

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? – எனக்குத் தெரியுமே. சனியன்.

பிப்ரவரி 6

சொல்லிவிட்டேன். லிந்த்ரூஸ் சிரித்தார். "நல்லவேளை, கூட்டத்துக்கு முன்னாடி சொன்னீங்க. அப்ப பூட்டிடலாம்." ஒரு வருத்தம், ஒரு தயக்கம்? ஒன்றும் கிடையாது. போனை வைத்த பிறகு கெட்டிலை உதைத்தேன். கால்விரல் வீங்கியிருக்கிறது.

வீங்கிய காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கும்போதுதான் உறைத்தது. குளியல் குழியில் தின்றனவா இல்லையா? தின்றன. நடு ஜனவரியில், இருட்டில், உறைகிற தண்ணீரில், சேறு வாய்க்கு வந்ததும் அள்ளித் தின்றிருக்கின்றன. தூங்குகிறவனுக்கு ஊட்டினால் விழுங்குவானா? இவை விழித்திருக்கின்றன. பசியோடு இருக்கின்றன.

பசித்தவன் சோறு இருக்கும் இடத்துக்குப் போகமாட்டானா? சோறு அடியில் கிடக்கிறது: வெயில் காலத்தில் வளர்ந்து தரையோடு படிந்த பாசி. என் வலை அடியைத் தொட்டதே இல்லை. சேறு அடைத்துக்கொள்ளும் என்று எப்போதும் இரண்டு மீட்டர் மேலேயே நிறுத்திவிடுவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். முட்டாள்களா நாங்கள்?

பிப்ரவரி 11

விடிந்ததும் வாசலில் அத்தான். கையில் துளைப்பான், அதில் புது பிளேடு.

"நான் செஞ்சது தப்பு. ஆனா எருமைன்னது கொஞ்சம் ஓவர்."

"சோம்பேறின்னதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"அது உங்க அக்கா தெனமும் சொல்றதுதான்."

எனக்குக் கோபம் தீரவில்லை. சிரிக்கவும் இல்லை. இருந்தாலும் கூட்டிப்போனேன். சிவப்புக் கொடியருகே அவரே துளை போட்டார், வியர்க்க வியர்க்க. கண்ணாடிக் குழாயைக் கயிற்றில் கட்டி, சேறு கலங்காமல் தரையில் உட்காரும்வரை இறக்கினேன். மூச்சு விடக்கூட பயம். கயிற்றை அத்தான் பிடித்திருந்தார், அசையவே இல்லை.

குழாயின் அடியில் பாசிப் படலம் அப்படியே வந்தது. அதன்மேல் செவலைகள்! ஊர்ந்துகொண்டு, கொறித்துக்கொண்டு. நான் இத்தனை நாள் பிடித்ததெல்லாம் மேலே திரிந்த பட்டினிக் கூட்டம்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வயிறு பச்சை. அத்தானையும் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் குனிந்திருந்தார். "நம்ம ஊர் ஆளுங்க மாதிரியே இருக்கு. மேல ஒண்ணும் இல்லன்னா கீழ போய்த் தோண்டுது." அதற்குமேல் என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 12

இந்த முறை படம் அனுப்பவில்லை. "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 14

லிந்த்ரூஸ் வந்தார். நல்ல வெயில், பனியில் கண் கூசியது. அவர் எதிரிலேயே அடியிலிருந்து எடுத்தோம். குழாயை அவரே கழுவினார், அவரே வைத்துப் பார்த்தார். மறுபடி வேறொன்றை வைத்தார். மறுபடி இன்னொன்று. நான் தப்பு என்று அவர் சொல்லவில்லை, தான் தப்பு என்றும் சொல்லவில்லை. அந்த வாய்க்கு அது வராது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளம்பும்போது விறகுக் கொட்டகைப் பக்கம் போய் நின்று எட்டிப் பார்த்தார்.

"விறகு கம்மியா இருக்கே, ஐனி. இது அடுத்த குளிர்காலத்துக்குக் காணுமா?"

காணாது. நாளை அத்தானைக் கூப்பிட வேண்டும், கோடரியோடு.