அக்காவின் நான்கு வரிகள்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன்.

நாளை அக்கா வேலைக்காகப் பெங்களூர் போகிறாள். அவள் இல்லாதபோது நான் பார்த்துக் கற்க, லினக்ஸ் கையேடுகளை சிடியிலிருந்து கணினியில் ஏற்றினோம். ஒவ்வொரு கையேட்டுக்கும் ஏற்றலாமா என்று கணினி சம்மதம் கேட்டது. ஆம் என்பதற்கு நான் ‘ஒய்’ தட்டித் தட்டி விரல் வலித்தது.

“தள்ளுடி, டாக்குரியா லோக்கல் ரயில் மாதிரி ஊர்றே,” என்று சொல்லிவிட்டு அக்கா நான்கே வரியில் கணினிக்கான கட்டளைகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி எண்டரைத் தட்டினாள். கணினி தானே கேட்டுத் தானே சம்மதித்தது. என் கைகள் மடியில் இருக்க, ஒரு நூலகமே உள்ளே வந்து அமர்ந்தது. இன்னும் நம்ப முடியவில்லை.

“இனிமே எதுன்னாலும் இதுகிட்ட கேளு.”

“பூஜை லீவுக்கு நீ வீட்டுக்கு வருவியான்னு கேட்டா சொல்லுமா?”

அக்கா சிரித்தாள். இப்போது விளக்கை அணைத்துவிட்டாள்; ஜன்னல் வழியே வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் இதை முடிக்கிறேன்.