கோட்டைத் தாண்டிய தண்ணீர்

உனக்கு,

இன்று மதியம் ஆய்வகத்தில் பீனால் புட்டியைத் திறந்தார்கள். வாடை வந்ததும் நீதான் பக்கத்தில் நிற்கிறாய் என்று திரும்பிவிட்டேன். நின்றது உன் மகள். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. அவள் இந்த ஆண்டுதான் என் வகுப்புக்கு வந்திருக்கிறாள். திண்டுக்கல்லில் நாம் படித்த அதே கல்லூரியில் நான் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். நம் பழைய மேசைப் பக்கம் போகும்போதெல்லாம் என் பிடரியில் உன் மூச்சுப் படுவது தெரியாது.

நீயும் நானும் மூன்று வருஷம் ஒரே மேசை. பீனாலும் தண்ணீரும் கலந்தால் பால் போலக் கலங்கும். சூடேற்றினால் ஒரு வெப்பநிலையில் சட்டென்று தெளியும், ஆறினால் மறுபடி கலங்கும். உப்புக் கரைசல் சேர்ந்தால் தெளியும் வெப்பநிலை ஏறும். எவ்வளவு ஏறியது என்று வரைபடத்தில் பார்த்து உப்பின் செறிவைச் சொல்ல வேண்டும். நாங்களெல்லாம் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளைப் பொருத்தி எழுதிவிடுவோம். நீ மட்டும், "கண்ணு பார்த்ததத்தான்டி எழுதுவேன்" என்பாய். உன் வளைவுகள் எப்போதும் கொஞ்சம் கோணலாகவே இருக்கும்.

கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு முன்பே உங்கள் சின்னாளபட்டி வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். முதல் வகுப்பு வந்தால் மேல்படிப்பு, வராவிட்டால் செம்பட்டி மாப்பிள்ளை. குடுவையில் கொடுத்த உப்புக் கரைசலோடு தண்ணீர் சேர்த்துக் கழுத்திலிருக்கும் கோடு வரை நிரப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து வாய்மொழிக் கேள்விக்கு உன்னைக் கூப்பிட்டார்கள்.

"செத்த நேரம் பாத்துக்கடி. கோடு வரைக்கும் ஊத்தி வையி, இந்தா வாரேன்."

ஊற்றி, மூடி, குலுக்கிய பிறகுதான் பார்த்தேன். தண்ணீர் கோட்டைத் தாண்டிக் கழுத்து முழுக்க நின்றது. சொல்லியிருந்தால் உனக்கு வேறு கரைசல் கிடைத்திருக்கும். அடுத்தவள் குடுவையைத் தொட்டதற்கு என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். பயந்துவிட்டேன். பிப்பெட் குழாயால் மிச்சத்தை உறிஞ்சிக் கோட்டில் நிறுத்தினேன். உறிஞ்சினால் உப்பும் சேர்ந்துதான் போகும், நீர்த்தது நீர்த்ததுதான் என்று முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ திரும்பி வந்து, "இம்புட்டுச் சுத்தமா நிப்பாட்டிருக்கியேடி" என்று சிரித்தாய்.

அன்று நீ கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதினாய். விடை தள்ளிப் போயிற்று. இரண்டு மதிப்பெண்ணில் முதல் வகுப்பு போனது. உன் கல்யாணப் பந்தியில் நான் இரண்டாம் முறையும் பாயசம் வாங்கிக் குடித்தேன், வெட்கம் கெட்டவள். அதற்கப்புறம் எத்தனை தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்போம்! நீ பிள்ளை படிப்பைப் பேசுவாய். எனக்கு அந்த உண்மை பல் வரைக்கும் வரும். உன் பஸ் வந்துவிடும்.

இன்று உன் மகள் குடுவையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்களே ஊத்துங்க மேம். எங்கம்மாவுக்கு லேப்ல கை நிக்காதாம். கடைசிப் பரீட்சையில தப்புப் பண்ணித்தான் படிப்பே போச்சுன்னு சொல்லும். எனக்கும் அதே கைதான்."

படிப்புதான் போனது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீ உன் கையையே நம்பாமல் வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறாய்.

"உங்கம்மா கையில ஒரு தப்பும் இல்லம்மா. அந்தக் குடுவையில ஊத்துனது நான்" என்றேன். குலுக்கியது, உறிஞ்சியது, வாயை மூடிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாகிட்டச் சொன்னீங்களா மேம்?"

"இல்லம்மா."

அவள் குடுவையை எடுத்துக்கொண்டு, குனிந்து, தானே ஊற்றத் தொடங்கினாள். அந்த "இல்லம்மா"வைத்தான் நான் வீட்டுக்குச் சுமந்து வந்திருக்கிறேன். இறக்கிவைக்க நீ இல்லை.