பூசையன்று எடுத்த உன் படம்

என் அன்பு கவிதா அக்காவுக்கு,

இன்று பள்ளியில் நடந்ததைக் கூட்டாமல், மறைக்காமல், உள்ளபடியே எழுதப்போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதுவும் உண்மைதானே?

நான் இப்போது பன்னிரண்டாவது. அப்பாவுக்கு மில்லில் மறுபடி வேலை கிடைத்துவிட்டது. உன் சைக்கிளை யார் கேட்டாலும் அம்மா கொடுப்பதில்லை.

மாலையில் பெற்றோர் கூட்டம். தொழிற்பயிற்சி உதவித்தொகை பற்றிப் பேச ஒருவர் வந்திருந்தார். யாரென்று நினைக்கிறாய்? பெரியநாயக்கன்பாளையத்தில் உனக்குப் ‘பயிற்சி’ கொடுத்தாரே, அதே பம்ப் கம்பெனி முதலாளி. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் நீ.

கொரோனா ஊரடங்கில் அப்பாவுக்கு வேலை போனபோது, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கென்று வந்த உதவித்தொகையில் சேர்ந்தாய். லேத் மெஷின் ஓட்டக் கற்றுத் தருவார்கள் என்று எவ்வளவு ஆசையாகப் போனாய்! பம்பை அட்டைப்பெட்டியில் அடுக்கியதுதான் நீ படித்த படிப்பு. மெஷின் பக்கம் உன்னை விட்டது ஆயுத பூசையன்று மட்டும். அன்று எந்தக் கம்பெனியிலும் மெஷின் ஓடாது. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்திவிடுவார்கள். அதன் பக்கத்தில் உன்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். “தொட்டாவது பாத்துட்டேன் கண்ணு” என்று வீட்டுக்கு வந்து சிரித்தாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல். லீவு போட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று அந்த முதலாளி போனில் சொன்னார். நீ வேலைக்குப் போனாய். அங்கிருந்து ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு உன் முகத்தைக்கூட எங்களுக்குச் சரியாகக் காட்டவில்லை.

இன்று அவர் பேனரைக் காட்டிச் சொன்னார்: “இந்த அம்மணி நம்மகிட்டப் படிச்சதுதானுங்க. இப்ப ஓசூர்ல பெரிய கம்பெனில மெஷின் ஓட்டுதுங்க.”

அம்மா தலை குனிந்துகொண்டாள். அவருக்கு உன் முகம்கூட நினைவில்லை அக்கா. என் தோழி சங்கீதாவின் அம்மா மகளைச் சேர்ப்பதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பொய் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

“ஏனுங்க, இந்தக்கா மெஷின் ஓட்டறப்ப எடுத்த படமுங்களா?”

“ஆமா கண்ணு. ஓடிட்டு இருக்கறப்ப எடுத்ததுதான்.”

“மெஷின் மேல சந்தனப் பொட்டு இருக்குதுங்களே. வாழக்கன்னும் கட்டியிருக்குதுங்க.”

எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள். பாதிப்பேர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். சங்கீதாவின் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “பூசையன்னிக்கு மெஷின் ஓட்டற கம்பெனி எதுங்க? பொரி பொட்டலம் குடுக்கறதுக்கா ஸ்காலர்ஷிப்பு?”

ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தேன்.

“அவ எங்கக்காங்க. செத்து அஞ்சு வருசமாச்சுங்க. காய்ச்சலோட வேலைக்கு வரச்சொன்னது நீங்கதானுங்க.”

ஒரு ‘ங்க’கூட விடாமல் பேசினேன். மரியாதையாகச் சொன்னால் இன்னும் ஆழமாகக் குத்தும் என்று தெரிந்தேதான் பேசினேன். அவர் தண்ணீர் கேட்டார். டம்ளரை வாங்கி, குடிக்காமலே மேசைமேல் வைத்ததை நன்றாகப் பார்த்தேன். பாவமாக இருந்ததா என்று நீ கேட்பாய். இல்லை.

சங்கீதாவின் அம்மா போட்ட கையெழுத்தை அடித்துவிட்டார். மற்றவர்களும் எழுந்து போனார்கள். கூட்டம் முழுதும் கலையும்முன்பே முதலாளி காரில் ஏறிவிட்டார். விசாரிக்க அதிகாரி வந்தால் இதையே சொல்வாயா என்று தலைமையாசிரியை கேட்டார். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன் என்றேன்.

“போதும், உட்டுரு அம்மணி” என்கிறாள் அம்மா. எப்படி விடுவது? அடுத்த வாரம் அவர் அன்னூரில் ஒரு பள்ளிக்குப் போகிறாராம். அவசரத்தில் பேனரை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதை அவிழ்த்து, உன் முகம் மடங்காமல் சுருட்டி வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் காட்டுவேன். அன்னூருக்கும் எடுத்துப் போவேன். உன்னைக் காட்டி இன்னொரு பெண்ணை அவர் அழைத்துப் போக விடமாட்டேன் அக்கா. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
மலர்விழி

ஹாலில் உட்கார்ந்தேதான் எழுதி முடித்தேன். வாட்ச்மேன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார்.